தடய அறிவியல் ஆய்வகத்துக்கு நிதி கேட்பதும் அதை வேலைசெய்ய வைப்பதும்: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆய்வகத்தில் இளநிலை அறிவியல் அலுவலராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் துணை இயக்குநர் கூப்பிட்டு, "மத்திய அரசு நிதி வருதாம். நம்ம பிரிவுக்கு என்ன வேணும்னு ஒரு கருத்துரு போட்டுக் கொடுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்பார். கல்லூரியில் நச்சியல் படித்திருப்பீர்கள், குருதிக் கறையைச் சோதிக்கக் கற்றிருப்பீர்கள். கருத்துரு எழுத யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதனால் பெரும்பாலானவர்கள் உடனே செய்வது, கருவி விற்கும் நிறுவனத்தின் ஆளுக்கு ஃபோன் போட்டு விலைப்புள்ளி கேட்பது. நானும் முதல்முறை அப்படித்தான் செய்தேன். அங்கேதான் பிழை தொடங்குகிறது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முன் செய்ய வேண்டியதையும், நிதி வந்த பிறகு வருகிற மூன்று நான்கு வருடங்களில் செய்ய வேண்டியதையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். நான் சொல்வது இந்திய மாநில ஆய்வகங்களுக்கு, அதிலும் தமிழ்நாட்டு நடைமுறை தெரிந்தவர்களுக்குப் பொருந்தும். 1849-இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய வேதியியல் பரிசோதகர் ஆய்வகம்தான் நாட்டில் இவ்வகையில் முதலாவது. விஷம் வைத்துக் கொன்றார்களா என்று பார்ப்பதுதான் அன்றைய முதன்மை வேலை. அந்த மரபில் வந்த துறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைவு, கோப்பு எழுதும்போது கொஞ்சம் கூடவே இருக்கட்டும்.

முதலில் நிலுவையை எண்ணுங்கள்

விலைப்பட்டியலை மூடி வைத்துவிட்டு வரவுப் பதிவேட்டைத் திறங்கள். கடந்த இரண்டு வருடங்களில் மாதந்தோறும் உங்கள் பிரிவுக்கு எத்தனை வழக்குகள் வந்தன, எத்தனைக்கு அறிக்கை போனது என்று எழுதுங்கள். ஒரு பேச்சுக்கு, மாதம் 150 வந்து 120 முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 30 சேர்கிறது, வருடத்தில் 360. இந்த ஓட்டை அடைபடாமல் பழைய நிலுவையை மட்டும் ஒருதரம் சிறப்பு முயற்சியில் முடித்தால், மூன்றாம் வருடம் மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள். பழைய நிலுவைக்குக் கேட்பது வேறு, தினசரி வரவைச் சமாளிக்கக் கேட்பது வேறு. கருத்துருவில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

அடுத்து, வழக்கு எந்த மேசையில் நிற்கிறது என்று பாருங்கள். பொருளைப் பெற்று முத்திரை சரிபார்க்கும் இடம், பிரித்தெடுப்பு, கருவி, அறிக்கை எழுதுதல், மறுபார்வைக் கையொப்பம், காவல் நிலையத்திலிருந்து வந்து அறிக்கையை வாங்கிப் போவது என்று ஆறு நிறுத்தங்கள் இருக்கின்றன. இருபது பழைய கோப்புகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த நிறுத்தத்தில் எத்தனை நாள் கிடந்தது என்று தேதியைக் குறித்தாலே போதும். பல இடங்களில் அறிக்கை தயாராகி, வாங்க ஆள் வராமல் அலமாரியில் கிடக்கும். அதற்குக் கோடி ரூபாய்க் கருவி எதற்கு?

டிஎன்ஏ பிரிவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். எட்டு நுண்குழாய் கொண்ட ஒரு மரபணுப் பகுப்பாய்வி ஒரு சுற்றை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் வேலை அப்படியல்ல. பாலியல் வன்முறை வழக்கின் மாதிரியில் விந்தணுவையும் பெண்ணின் செல்களையும் பிரிப்பது பொறுமையான கைவேலை. அடையாளம் தெரியாத உடலின் எலும்பு என்றால், சுத்தம் செய்து, பொடியாக்கி, சுண்ணாம்புச் சத்தை நீக்குவதற்கே நாட்கள் போகும். இந்தக் கட்டத்தில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது இரண்டாவது பகுப்பாய்வி வாங்கினால், சும்மா நிற்கும் கருவி ஒன்று இரண்டாகும். தேவைப்பட்டது தானியங்கிப் பிரித்தெடுப்புக் கருவியும் பயிற்சி பெற்ற இன்னும் இரண்டு பேரும்தான்.

ஆய்வகத்துக்கு வெளியிலும் எண்ணுங்கள். 2009-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் காவல்துறைக் கிடங்கு ஒன்றில் 11,000-க்கும் மேற்பட்ட பாலியல் வன்முறைச் சான்றுப் பெட்டிகள் சோதிக்கப்படாமல் கிடந்தது தெரியவந்தது. ஆய்வகத்துக்கே வந்து சேராதவை ஆய்வக நிலுவைக் கணக்கில் எப்படித் தெரியும்? அப்படிக் கிடந்த பெட்டிகளைச் சோதிக்க அந்நாட்டு மத்திய அரசு பின்னர் தனி மானியமே ஒதுக்க வேண்டியிருந்தது. உங்கள் சரகத்துக் காவல் நிலையங்களின் சொத்து அறைகளில் அனுப்பப்படாமல் என்ன இருக்கிறது என்று ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். பதில் எல்லாரிடமிருந்தும் வராது. வருகிற பதில்களே உங்கள் கணக்கை மாற்றிவிடும்.

பணம் எந்த வாசல் வழியே வருகிறது

ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு நோக்கம் உண்டு. நோக்கம் பொருந்தாத கருத்துரு எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் திரும்பிவரும். எனவே வாசலைத் தெரிந்துகொண்டு தட்டுங்கள்.

காவல்துறை நவீனமயமாக்கல் திட்டம் பழைய வாசல். பொதுவான மாநிலங்களுக்கு மத்திய பங்கு 60, மாநிலப் பங்கு 40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90-க்கு 10. இதில் வாகனம், ஆயுதம், தொலைத்தொடர்பு எல்லாம் ஒரே பானையில் பங்குகேட்கும். ஆய்வகத்தின் குரல் அங்கே சின்னதாகத்தான் கேட்கும். 2022 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்ற ரூ.26,275 கோடி காவல்துறை நவீனமயமாக்கல் தொகுப்புத் திட்டத்துக்குள், மாநிலங்களின் தடய அறிவியல் வசதிகளுக்கென்றே ரூ.2,080.50 கோடி தனியாக வைத்தது அதனால்தான் முக்கியம். செயல்பாட்டில் சுதந்திரமான ஆய்வகங்கள் வேண்டும் என்பதையே அது தன் நோக்கமாகச் சொன்னது. அந்தத் திட்டத்தின் காலம் 2021-22 முதல் 2025-26 வரை. நீங்கள் எழுதும் வருடத்தில் நடப்பில் இருக்கும் வழிகாட்டு நெறிமுறையை உள்துறையிடம் கேட்டு வாங்கி, முழுசாகப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

2013-இல் ரூ.1,000 கோடியுடன் தொடங்கிய நிர்பயா நிதி இன்னொரு வாசல். சண்டிகர் மத்திய ஆய்வகத்தின் நவீன டிஎன்ஏ பிரிவும், பல மாநிலங்களின் டிஎன்ஏ, சைபர் பிரிவுகளும் இந்த நிதியால் வலுப்பெற்றவை. பெண்கள், குழந்தைகள் மீதான குற்ற வழக்குகளோடு உங்கள் தேவை எப்படி இணைகிறது என்பதை எண்ணிக்கையோடு காட்டினால்தான் இந்த வாசல் திறக்கும்.

2024 ஜூன் 19 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட தேசிய தடய அறிவியல் கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ரூ.2,254.43 கோடி, 2028-29 வரை. ஆனால் அது தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழக வளாகங்களுக்கும் மத்திய ஆய்வகங்களுக்கும் உரியது. உங்கள் மேசைக்கு அதிலிருந்து நுண்ணோக்கி வராது. அங்கே படித்து வெளியே வரும் பிள்ளைகள் நாளை உங்கள் காலிப் பணியிடங்களுக்கு வரலாம், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' சின்ன விஷயமும் இல்லை.

இத்தனை பணம் இப்போது ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சட்டப் பிரிவைச் சொல்லலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 176(3). ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும், அது காணொளியாகப் பதிவாக வேண்டும் என்கிறது அது. ஐந்தாண்டுக்குள் மாநிலங்கள் அறிவிக்கை செய்து நடைமுறைக்குக் கொண்டுவர அவகாசம் தந்திருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் இப்படிப்பட்ட குற்றங்கள் வருடத்துக்கு எத்தனை, நடமாடும் தடய அறிவியல் பிரிவில் ஆட்கள் எத்தனை என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கருத்துருவின் முதல் பத்தி முடிந்தது.

கருத்துருவில் விலை மட்டும் எழுதினால் போதாது

கருவியின் விலை ஒருதரம் போகும் பணம். அது பத்து வருடம் சாப்பிடும் சாப்பாட்டையும் எழுதுங்கள்.

நஞ்சையும் போதைப்பொருளையும் பிரித்து அடையாளம் காட்டும் வாயு நிறவியல்–நிறை நிறமாலைக் கருவிக்கு உயர் தூய்மை ஹீலியம் வேண்டும், வெற்றிடப் பம்புக்குப் பராமரிப்பு வேண்டும். டிஎன்ஏ கிட்டுகளையும் பாலிமரையும் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் காலாவதித் தேதி வந்தால் தூக்கிப்போட வேண்டும். அவற்றைக் குளிர்நிலையில் வைக்கத் தடையில்லா மின்சாரம் வேண்டும். கைபேசித் தரவை எடுக்கும் மென்பொருளின் உரிமம் பெரும்பாலும் வருடச் சந்தா. சந்தா முடிந்தால் புதிதாக வரும் ஃபோன் மாடல்களைத் திறக்க முடியாமல் பெட்டி பெட்டியாகவே நிற்கும். இவற்றோடு குளிர்சாதனம், தடையில்லா மின்கலம், அளவுத்திருத்தம், உத்தரவாதம் முடிந்தபின் முழுப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் ஐந்து வருடக் கணக்கு போடுங்கள். மானியம் இவற்றில் எதைத் தருகிறது, எதை மாநில வரவுசெலவுத் திட்டத்தில் கேட்க வேண்டும் என்று இரண்டு பத்தி பிரித்து எழுதுங்கள்.

ஒருமுறை நிதி கொடுக்கும் திட்டங்கள் பொதுவாக நிரந்தரச் சம்பளம் தருவதில்லை. ஆகவே கருவிக்கான கருத்துரு போகும் அதே நாளில், பணியிடம் உருவாக்கவும் காலியிடம் நிரப்பவும் கேட்டு இன்னொரு கோப்பும் போக வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். "கருவி முதல்ல வரட்டும் சார், ஆளை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆள் தேர்வுக்குப் பிடிக்கும் காலம் கருவி வாங்கப் பிடிக்கும் காலத்தைவிட நீளமானது.

வாங்கும்போது

தொழில்நுட்ப விவரக்குறிப்பை ஒரே நிறுவனத்தின் கையேட்டிலிருந்து எழுதி எடுத்தால் மற்ற நிறுவனங்கள் ஆட்சேபணை எழுப்பும், ஒப்பந்தப்புள்ளி நிற்கும், நிதியாண்டு முடியும். எந்தச் சோதனையை, எவ்வளவு நுட்பத்தோடு, ஒரு நாளைக்கு எத்தனை மாதிரிக்குச் செய்ய வேண்டும் என்று வேலையை விவரியுங்கள். மத்திய தடய அறிவியல் சேவைகள் இயக்ககம் வெளியிட்டுள்ள கருவிகளின் நிலையான பட்டியலை அருகில் வைத்துக்கொண்டால் தணிக்கையிலும் பேச வசதி.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் கட்டாயம் இருக்கட்டும். உத்தரவாதக் காலம் பொருள் வந்து இறங்கிய நாளிலிருந்து தொடங்கக் கூடாது, நிறுவி இயக்கிக்காட்டிய நாளிலிருந்து தொடங்க வேண்டும். பழுதானால் இத்தனை நாளில் சரிசெய்யாவிட்டால் அபராதம் என்று இருக்க வேண்டும். பயிற்சி ஒருதரம் போதாது: நிறுவும்போது ஒன்று, ஆறு மாதம் கழித்து நிஜமான சந்தேகங்கள் முளைத்த பிறகு இன்னொன்று.

நான் வேலைபார்த்த ஓர் இடத்தில் விலையுயர்ந்த கருவி ஒன்று மரப்பெட்டி பிரிக்காமல் ஒரு வருடத்துக்கு மேல் தாழ்வாரத்தில் இருந்தது. அறையின் மின் இணைப்பும் குளிர்சாதனமும் பொதுப்பணிக் கோப்பில் மாட்டிக்கொண்டன. உத்தரவாதம் பெட்டிக்குள்ளேயே முடிந்துபோனது. தினமும் அதைத் தாண்டித்தான் என் மேசைக்குப் போவேன். பக்கத்து அறையில் வயதான ஓர் அம்மா மகளின் வழக்கு அறிக்கை வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு நின்றதும் அதே வருடம்தான். இடத்தைத் தயார்செய்த சான்று கையில் வராமல் கொள்முதல் ஆணை போடாதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

பயிற்சி: அதிகம் கிடைக்கும் இடம், குறைவாகக் கேட்கப்படும் இடம்

பயிற்சி என்றவுடன் ஐந்து நாள் வகுப்பு, ஒரு குழுப் புகைப்படம், ஒரு சான்றிதழ் என்று மனதில் வரும். அதைத் தாண்டி யோசிக்க வேண்டும்.

முதலில், யாரை அனுப்புவது? ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள். இரண்டு பேர், முடிந்தால் மூன்று. அடுத்த வருடம் ஓய்வுபெறுபவரை மூப்பு கருதி அனுப்பும் வழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. அவருக்கு மரியாதை செய்ய வேறு வழிகள் உண்டு. பயிற்சி முடித்தவர் அந்தப் பிரிவிலேயே குறைந்தது மூன்று வருடம் இருப்பார் என்று அனுப்பும் ஆணையிலேயே எழுதச் சொல்லுங்கள். திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் அவர் மற்றவர்களுக்கு மேசையில் செய்துகாட்ட வேண்டும் என்பதையும் சேருங்கள்.

எங்கே அனுப்புவது? காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம், அதன் தில்லி வளாகம், ஹைதராபாத், சண்டிகர், கொல்கத்தா, புனே, போபால், குவாஹாத்தியில் உள்ள மத்திய ஆய்வகங்கள் ஆகியவை பயிற்சி தருகின்றன. நமக்குப் பக்கம் ஹைதராபாத். வகுப்பைவிட, ஏற்கெனவே அதே கருவியில் வழக்கு வேலை செய்துகொண்டிருக்கும் ஆய்வகத்தில் இரண்டு வாரம் கூடவே உட்கார்ந்து பார்ப்பது பலமடங்கு உதவும். அதற்கான பயணப்படியைக் கருத்துருவிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

பயிற்சி முடிந்தவுடன் வழக்குப் பொருளைக் கையில் கொடுக்கக் கூடாது. விடை தெரிந்த மாதிரிகளைப் பெயர் மறைத்துக் கொடுத்து, சரியாகச் செய்கிறாரா என்று திறன் தேர்வு வைத்து, முடிவை எழுதிக் கோப்பில் வைத்த பிறகுதான்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. பயிற்சிப் பணத்தில் பாதியையாவது ஆய்வகத்துக்கு வெளியே செலவழியுங்கள். ரத்தம் தோய்ந்த சுடிதாரை ஈரத்தோடு பாலித்தீன் பையில் போட்டு முடிச்சுப்போட்டு அனுப்பினால், அது வந்து சேர்வதற்குள் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதைந்திருக்கும். எத்தனை கோடிக் கருவியும் அதை மீட்காது. நிழலில் காற்றாட உலர்த்தி, காகித உறையில் வைத்து, ஒவ்வொரு துணிக்கும் தனி உறை போட்டு அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லித்தர ஒரு காலைப்பொழுது போதும். பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர், உள்ளுறுப்புகளை நச்சுச் சோதனைக்கு நிறைவுற்ற உப்புக் கரைசலில் அனுப்ப வேண்டியதை ஃபார்மலினில் போட்டுவிட்டால் அங்கும் இதே கதிதான். மது அளவு பார்க்கும் ரத்தத்துக்குச் சோடியம் ஃபுளோரைடு சேர்க்க வேண்டும். கைப்பற்றிய கைபேசியை வலையமைப்பிலிருந்து துண்டிக்காமல் வைத்திருந்தால் வெளியிலிருந்தே அதை அழித்துவிட முடியும்.

இவை எதுவும் உயர்ந்த அறிவியல் இல்லை. ஆனால் நிலையத்தில் பொருளை உறையிலிடும் பெண் காவலர், அரசு மருத்துவமனைப் பணி மருத்துவர், அரசு வழக்கறிஞர் ஆகிய மூன்று பேருக்கும் சொல்லப்பட வேண்டியவை. காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகம் பாலியல் வன்முறைச் சான்று சேகரிப்புப் பெட்டிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது, விசாரணை அதிகாரிகளுக்கும் மருத்துவர்களுக்கும் பயிற்சி கொடுத்ததோடு சேர்ந்துதான். பெட்டி மட்டும் போயிருந்தால் அதுவும் ஓர் அலமாரியில் தூங்கியிருக்கும்.

ஆய்வகத்துக்கு வரும் பொருளில் எத்தனை 'சோதனைக்கு ஏற்றதல்ல' என்று திருப்பப்படுகிறது என்று பயிற்சிக்கு முன் மூன்று மாதமும் பின் மூன்று மாதமும் எண்ணிப் பாருங்கள். அடுத்த கருத்துருவுக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

செல்லுபடிச் சோதனையும் தரச்சான்றும்

புதுக் கருவி வந்தவுடன் வழக்கு வேலை தொடங்க மனம் பறக்கும், மேலிடமும் அவசரப்படுத்தும். ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஒரே விடை வருகிறதா, எவ்வளவு குறைந்த அளவு வரை கண்டுபிடிக்கிறது, வெற்று மாதிரியில் எதுவும் வராமல் இருக்கிறதா, இருவர் கலந்த மாதிரியில் என்ன காட்டுகிறது என்று உங்கள் ஆய்வகத்தின் காற்றிலும் மின்சாரத்திலும் சோதித்து எழுதிவையுங்கள். இதற்கான கிட்டுகளும் வேதிப்பொருளும் கணிசமாகச் செலவாகும். கருத்துருவில் இதற்குத் தனி வரி வேண்டும்.

தேசிய ஆய்வக அங்கீகார வாரியமான என்ஏபிஎல் தரும் சான்று, ஐஎஸ்ஓ/ஐஈசி 17025 தரத்தின்படி. எல்லாப் பிரிவுக்கும் ஒரே நேரத்தில் போகாதீர்கள். நடைமுறைக் கையேடு ஒழுங்காக இருக்கும் ஒரு பிரிவில், இரண்டு மூன்று சோதனைகளுக்கு மட்டும் முதலில் விண்ணப்பியுங்கள். வெளியிலிருந்து வரும் திறனறி மாதிரிகளில் வருடாவருடம் பங்கெடுக்கும் கட்டணத்தையும் ஐந்து வருடக் கணக்கில் சேருங்கள்.

கணக்கு

வந்த பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வராது. மாநில அரசுகளுக்கான மானியத்துக்குப் பொது நிதி விதிகளின் 12-சி படிவம். செலவுச் சீட்டு, நிறுவல் அறிக்கை, சொத்துப் பதிவேட்டு எண் மூன்றையும் அன்றன்றே ஒரே கோப்பில் கோத்துவந்தால் மார்ச் மாதம் தூக்கம் கெடாது. பணம் செலவான விவரத்தோடு வேலை நடந்த விவரத்தையும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: வழக்கு வந்து அறிக்கை போகச் சராசரி எத்தனை நாள், போக்சோ வழக்குகளுக்கு எத்தனை, போதைப்பொருள் வழக்குகளுக்கு எத்தனை. போக்சோ சட்டம் இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்கச் சொல்கிறது. நம் அறிக்கை எட்டு மாதம் எடுத்துக்கொண்டால் மீதி நான்கு மாதத்தில் நீதிமன்றம் என்ன செய்யும்?

கடைசியாக, சாட்சிக் கூண்டு

நாம் கையெழுத்திடும் அறிக்கையை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 329-இன்படி நீதிமன்றம் சான்றாக ஏற்கலாம். வேண்டுமென்றால் நம்மை அழைத்தும் விசாரிக்கலாம். முதல்முறை போகும்போது கை நடுங்கும். அதற்கு முன் ஆய்வகத்திலேயே ஒரு மாதிரி நீதிமன்றம் நடத்துங்கள். மூத்தவர் ஒருவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞராக இருந்து கேட்கட்டும். உள்ளூர் அரசு வழக்கறிஞர்களை அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவார்கள், செலவு தேநீர்தான்.

"இந்தக் கருவியில் எப்போது பயிற்சி எடுத்தீர்கள்? அன்று கருவி சரியாக இருந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். அழைப்பாணை வந்த அன்றே வழக்குக் கோப்போடு மூன்று தாள்களின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் திறன் தேர்வு முடிவு, சோதனை நடந்த தேதிக்குரிய அளவுத்திருத்தப் பதிவு, கருவியின் செல்லுபடிச் சோதனைச் சுருக்கம்.